லீட்ஸிலிருந்து எறிந்த கல்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு பைக்கை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "இங்க மெர்சி யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கன்னியப்பன் பொண்ணா?"

"ஆமா சார். அப்பா இல்ல. கொரோனாவுல தவறிட்டாரு."

"உம்மேல கேஸ் கீதேம்மா. கேஸ வெச்சுகினு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்க?"

மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற யாராச்சும் இருக்கும் சார். நான் போன செப்டம்பர்லேர்ந்து ஊர்லயே இல்ல. வெளிநாட்ல சட்டம் படிக்கிறேன். லீவுக்கு வந்துகிறேன்."

"மார்ச்சுல பைபாஸ்ல மறியல் பண்ணாங்களே, ஷூ கம்பெனி வேன் கண்ணாடிய ஒடச்சாங்களே, அந்தக் கேஸ். அஞ்சாவது பேரு உன்னுது. கல்ல எறிஞ்சதே நீதான். ஐயாவ வந்து பாரு." பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா பாக்யலட்சுமி பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எப்போதோ நின்று போயிருந்தது.

மெர்சியின் பாஸ்போர்ட் பதினெட்டு வயதில் எடுத்தது. குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அந்தப் பேச்சு நின்றது, பாஸ்போர்ட் மட்டும் பெட்டியில் கிடந்தது. அதற்கப்புறம் அவள் வேலூரில் பி.எல். முடித்து, ஆம்பூர் கோர்ட்டில் கொஞ்ச காலம் ஜூனியராக இருந்து, அரசாங்க உதவித்தொகையில் இங்கிலாந்துக்குப் போனாள். லீட்ஸ் என்கிற ஊர். தொழிலாளர் சட்டத்தில் ரெண்டு வருஷ மேல்படிப்பு. ஒரு வருஷம் முடிந்திருந்தது. பாஸ்போர்ட்டின் பத்து வருஷமும் முடியப்போவதால், லீவில் புதுப்பித்துவிடலாம் என்று வந்தாள். விண்ணப்பம் கொடுத்த அன்றே பழையதைச் செல்லாது என்று மூலையை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். புதியது போலீஸ் சரி என்று எழுதினால்தான் வரும். செப்டம்பர் கடைசியில் வகுப்பு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் படிப்பு அந்தரத்தில் நிற்கும், உதவித்தொகையும் கைவிட்டுப் போகும்.

அவள் பின்பக்கம் போனாள். "அம்மா. என் பேர யாரு குடுத்தது?"

"யாரு குடுக்கறது? தெருவே சேந்துதான் குடுத்தது" என்றாள் பாக்யலட்சுமி, குண்டானைப் பார்த்தபடி.

அந்தக் காலனியில் அது வழக்கம். மறியலோ தகராறோ நடந்தால் மறுநாள் போலீஸ் வந்து, "அஞ்சு பேர் குடுங்க" என்று கேட்கும். கொடுக்காவிட்டால் விடியற்காலையில் வந்து கைக்குக் கிடைத்தவனை ஏற்றிக்கொண்டு போகும். அதனால் தெரு சர்ச் வாசலில் உட்கார்ந்து பேர் பொறுக்கும். கம்பெனியில் வேலை பார்க்கிறவள் பேரைக் கொடுக்கக் கூடாது, கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வான். கைக்குழந்தைக்காரி கூடாது. கல்யாணமாகாத பெண் கூடாது. மிச்சம் இருப்பது கண் தெரியாத கிழவிகள்தான். ஒரு தடவை ஆள் பற்றாமல் செத்துப் போனவன் பேரைக் கொடுத்து, இன்ஸ்பெக்டர் நேரில் வந்து தெருவையே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார்.

"நாலு பேர் தேறிச்சு" என்றாள் பாக்யலட்சுமி. "அஞ்சாவதுக்கு ஆள் இல்ல. அப்போ நான்தான் சொன்னேன், எம்பொண்ணு பேர எழுதுங்கன்னு. நீ லண்டன்ல கீற. உன்ன எவன் ஏரோப்ளேன் ஏறி வந்து புடிக்கப் போறான்?"

"லீட்ஸ்மா."

"எந்த ஊரோ. கடல் தாண்டிதான கீது? அதுவுமில்லாம, வக்கீல் பொண்ணு பேரு உள்ள இருந்தா ஸ்டேஷன்ல கொஞ்சம் பயந்துகினு இருப்பான்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் பெருமையா இருந்துச்சு."

"போன்ல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ பரீட்சைன்ன. எதுக்கு உன்ன பேஜார் பண்ணணும்னு வுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

மெர்சி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். செல்லாத காசை உண்டியலில் போடுவது மாதிரி தன் பேரைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காசு செல்லும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"சரி, கல்லு எறிஞ்சது யாரு?"

பாக்யலட்சுமி எதிர்வீட்டுப் பக்கம் முகத்தைக் காட்டினாள். "அவதான்."

பேர் சொல்லாமல் 'அவ' என்றால் அது கண்ணம்மாள். குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் ரெண்டு வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. கண்ணம்மாளுக்குப் புருஷன் இல்லை. ரெண்டு பெண்ணை வைத்துக்கொண்டு ஷூ கம்பெனியில் காண்ட்ராக்டில் பசை போடுகிற வேலை. மார்ச்சில் வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போன வேன் ஒன்று கவிழ்ந்தபோது அவளும் உள்ளே இருந்தாள். பதினைந்து பேர் உட்காருகிற வண்டியில் முப்பது பேரை அடைத்திருந்தார்கள். மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்போது சாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபஸ்ஸும் என்கிற பெண்ணுக்குத் தோளோடு கை போய்விட்டது. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் ரத்தத்தைப் புடவையால் அழுத்திப் பிடித்திருந்தது கண்ணம்மாள்தான். கம்பெனி, வேன் எங்களுடையது இல்லை, காண்ட்ராக்டருடையது என்றது. காண்ட்ராக்டர், இடமில்லை என்றால் ஏறியிருக்கக் கூடாது என்றான். மறுநாள் பெண்கள் சர்வீஸ் ரோட்டில் உட்கார்ந்தார்கள். காண்ட்ராக்டர் வேறொரு வேனில் வந்து இறங்கி அதையே சிரித்துக்கொண்டு சொன்னபோது அந்த வேனின் கண்ணாடி உடைந்தது.

மெர்சி ஸ்டேஷனுக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்து முடிந்து தூக்கமில்லாமல் இருந்தார். மெர்சியை உட்காரச் சொன்னார். மூலை வெட்டிய பாஸ்போர்ட்டைப் புரட்டி, சென்னை விமான நிலையத்தில் குத்திய முத்திரைகளைப் பார்த்தார்.

"போனது செப்டம்பர், வந்தது ஜூலை. கல்லு எறிஞ்சது மார்ச்சு. கை ரொம்ப நீளம்மா உனக்கு."

"சார், என் பேர எடுத்துடுங்க. அது போதும்."

"எடுத்துடலாம். இன்னும் சார்ஜ் ஷீட் போடல. ஆனா சும்மா எடுத்தா அந்த எடம் ஓட்டையா நிக்கும். மெயின் சங்கதியே கல்லுதான? நீ ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. 'தெருவுல தப்பா என் பேரச் சொல்லிட்டாங்க, எறிஞ்சது இன்னார்'னு. அவங்களப் போட்டுகினு உன்ன வுட்டுடறேன். பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே நல்லபடியா எழுதி அனுப்பறேன்."

"எழுதிக் குடுக்கலன்னா?"

"கேஸ் இருக்குதுன்னு எழுதுவேன். இருக்கறதத்தான எழுத முடியும்?" அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நீ படிச்ச பொண்ணு. யாரோ பண்ணதுக்கு நீ ஏன் கெடணும்? யோசிச்சு வா."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் மெர்சிக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்பராஜ் சட்டக் கல்லூரியில் அவளோடு படித்தவன். ஆம்பூர் கோர்ட்டில் பிராக்டிஸ். எதிரே டீக்கடையில் அவளைப் பார்த்ததும், "இன்னா மேடம், ஃபாரின் போய் அக்யூஸ்டா திரும்பி வந்துகிறீங்க? அங்க இதுக்குத் தனியா கோர்ஸ் வெச்சுகிறானா?" என்றான்.

"அடிவாங்காத இன்பா. எஃப்.ஐ.ஆர். காப்பி எடுத்தியா?"

அவன் போனை நீட்டினான். "நான் சொல்றதக் கேளு. ப்ராக்டிகலா பேசுவோம். ஹைகோர்ட்டுக்குப் போனா உன் பேரு நிச்சயம் போயிடும். ஆனா எப்போ? இங்க மேஜிஸ்ட்ரேட் கிட்ட பெட்டிஷன் போட்டு பாஸ்போர்ட்டுக்கு ஆர்டர் வாங்கலாம். அதுக்கு நம்பர் ஆவணும், நோட்டீஸ் போவணும், அவங்க பதில் போடணும். தீபாவளி வந்துடும். உன் காலேஜ் காத்துகினு இருக்குமா? எழுதிக் குடுத்துட்டு ப்ளைட் ஏறு. நீ சொன்ன அந்தக் கண்ணம்மா கேஸ நான் சும்மாவே பாக்கறேன். ஃபைன் கட்டிட்டு வந்துடுவாங்க."

"ஃபைன் கட்டிட்டு வந்தா கம்பெனி உள்ள வுடுவானா?"

"அது... வுட மாட்டான்."

மெர்சி படித்துக்கொண்டே போனாள். புகார் கொடுத்தவர் பந்தோபஸ்தில் இருந்த ஏட்டு. ஐந்தாவதாகக் கண்ட மெர்சி என்பவர் சாலையோரம் கிடந்த கருங்கல்லை எடுத்து வேனின் முன்பக்கக் கண்ணாடி மீது வீசியதைத் தான் நேரில் பார்த்ததாகவும், மற்ற நால்வரையும் அடையாளம் தெரியும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பேர் அவளுக்குத் தெரிந்த பேர். வீட்டுக்குப் பைக்கில் வந்தவரின் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பார்த்தது.

"இன்பா, இவரு என் வீட்டுக்கு வந்தாரு. வந்து 'மெர்சி யாரு'ன்னு என்னையே கேட்டாரு."

இன்பராஜ் டீயைக் கீழே வைத்தான்.

"கல்லெறியறத கண்ணால பாத்தவருக்கு என் மூஞ்சி தெரியல. நான் அன்னிக்கு லீட்ஸ்ல இருந்தேன், பாஸ்போர்ட்ல முத்திர கீது. என்னப் பாத்த கண்ணு பொய்னா, மத்த நாலு பேரப் பாத்ததும் அதே கண்ணுதான? நான் உள்ள இருந்தா கேஸ் நிக்காது. யாருக்குமே நிக்காது. நான் எழுதிக் குடுத்தா ஓட்டைய நானே அடச்ச மாதிரி."

"கரெக்ட்டு" என்றான் இன்பராஜ். டீயை மறுபடி எடுத்துக்கொண்டு, "கேஸ் ஒடையும். ஆனா உன் செப்டம்பர்ல ஒடையாது" என்றான்.

மெர்சி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

லீட்ஸ் அவளுக்கு லேசில் கிடைத்த ஊர் இல்லை. முதல் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவர்கள் பேசுகிற வேகத்தில் கேள்வி புரிவதற்குள் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று விசாவில் சட்டம். அந்த நேரத்தில் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றினாள். நாலு மணிக்கே இருட்டுகிற குளிரில் அறைக்கு வந்து ரைஸ் குக்கரில் சோறு வைத்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தீர்ப்புகளைப் படித்தாள். மார்ச்சில் ஒரு நாள், கடையில் விற்கிறவன், தைக்கிற கம்பெனி, நடுவில் நிற்கிற காண்ட்ராக்டர், இவர்களில் தொழிலாளிக்குப் பொறுப்பு யார் என்று விவாதம் நடந்தது. தபஸ்ஸுமின் கதையை அம்மா போனில் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் கையைத் தூக்கினாள். எங்கள் ஊரில் முப்பது பெண்களை ஏற்றின வேன் கவிழ்ந்தது, இன்றைக்கு வரைக்கும் அந்த வேன் யாருடையது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று, தப்பும் தவறுமான இங்கிலீஷில் பேசி முடித்தாள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியை அவளை நிறுத்தி வைத்து, ரெண்டாம் வருஷ ஆய்வை இதைப் பற்றியே எழுது என்றாள்.

அந்த வேனைப் பற்றி எழுதப் போவதற்கு அந்த வேனில் இருந்தவளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இப்படி நினைத்தபோது மெர்சிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. நியாயம் பேசுவது சுலபம். லீட்ஸில் பூட்டிவிட்டு வந்த அறையில் அவள் புத்தகங்கள் இருந்தன, கம்பளிக் கோட்டு இருந்தது, குக்கர் இருந்தது. அவள் அங்கே திரும்பிப் போக ஆசைப்பட்டாள். பசி மாதிரி ஆசைப்பட்டாள். வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்து, 'ஐயா' என்று எழுதி, தன் பேரும் தகப்பன் பேரும் எழுதினாள். அடுத்த வரியில் கண்ணம்மாள் பேர் வர வேண்டும்.

விஷயம் அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த கண்ணம்மாள், நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். கையெல்லாம் பசை காய்ந்து தோலுரிந்த மாதிரி இருந்தது. ரெண்டு வருஷமாக மிதிக்காத வீடு என்பதால் உள்ளே வரவில்லை.

"ஏண்டி மெர்சி, எழுதிக் குடுத்துடு. எறிஞ்சது நான்தான். எனுக்கு ஒண்ணியும் பயம் கெடையாது. உள்ள வெச்சான்னா வேளைக்கு சோறு வரும், ரெண்டு நாளு உக்காந்து துன்னுட்டு வர்றேன்."

அடுப்படியிலிருந்த பாக்யலட்சுமி சுவரைப் பார்த்து, "தியாகி வந்துட்டா. மாலய எடுத்துகினு வாங்கடி" என்றாள்.

"நான் உங்கிட்ட பேசல. உம் பொண்ணுகிட்ட பேசறேன்."

"எம்பொண்ணுகிட்ட பேசறதுன்னா எங்கிட்ட பேசற மாதிரிதான்."

"பொண்ணு பேர எடுத்துக் குடுத்தவ பேசறா பாரு!"

"உன்னக் காப்பாத்தத்தாண்டி குடுத்தேன், நன்றி கெட்டவளே! அன்னிக்கு உம் பேர நான் சொல்லியிருந்தா இன்னிக்கு எம்பொண்ணு..." பாக்யலட்சுமியால் முடிக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கண்ணம்மாளும் அடங்கிப் போனாள். நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்தாள்.

"அத்த, நீங்க வேலய வுட்டுட்டா ரெண்டு பொண்ணயும் யாரு பாப்பாங்க?" என்றாள் மெர்சி.

"எவன் பாத்தான் இம்மா நாளா? பாத்துக்கலாம் வுடு. நீ படிச்சுட்டு வந்தா நாளைக்கு நூறு பேருக்குப் பேசுவ. நான் பசை போட்டு இன்னா கிழிக்கப் போறேன்?" அவள் நிஜமாகவே அப்படி நம்பினாள். அதைக் கேட்கச் சகிக்கவில்லை மெர்சிக்கு. நூறு பேருக்குப் பேசுகிறவள் இந்த ஒருத்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே மாட்டாள்.

அவள் ஏட்டு சங்கதியை ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொன்னாள். தன் பேர் அங்கேயே இருந்தால் கேஸ் தானாக விழும், கண்ணம்மாள் பேர் வந்தால் நிமிர்ந்து நிற்கும், மற்ற நாலு கிழவிகளும் சேர்ந்து மாட்டுவார்கள் என்றாள்.

பாக்யலட்சுமி முந்தானையை எடுத்தாள். "அப்போ நான் குடுத்த பேரு சரியான பேருதான?"

"சரியான பேருதாம்மா" என்றாள் மெர்சி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அப்போ உம் படிப்பு?" என்றாள் கண்ணம்மாள்.

எதிர்வீட்டில் கண்ணம்மாளின் சின்னப் பெண் அம்மா எங்கே என்று கத்திக்கொண்டிருந்தது. மெர்சி அந்தத் தாளை நாலாக மடித்து அடுப்படிக்குப் போனாள். அங்கே கேஸ் அடுப்புதான். எரிக்கத் தோன்றாமல் குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டரிடம் போய், "எழுதித் தர்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். நான் ஊர்லயே இல்லாதவ, யாரு எறிஞ்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். "சட்டம் பேசற" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. விசாரணைக் காகிதத்தை எடுத்து, வழக்கு நிலுவையில் உள்ளது என்று எழுதினார்.

லீட்ஸிலிருந்து மரியாதையான பதில் வந்தது. ஒரு வருஷம் இடத்தை வைத்திருப்பார்களாம். அறையிலுள்ள பொருட்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சென்னையில் உதவித்தொகை ஆபீசில் விதியைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் போனது. கூடப் படித்தவர்கள் முதல் வகுப்பில் எடுத்த படத்தை மெர்சி போனில் ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினாள். இன்பராஜின் ஆபீசில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் எடுத்த கேஸ் தபஸ்ஸுமுடையது. வேன் யாருடையது என்று கேட்டு ஒரு மனு.

நவம்பரில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு நாள், மறியல் கேஸ் கூப்பிட்டார்கள். போலீஸ் ஓட்டையை மூடாமலே சார்ஜ் ஷீட் போட்டிருந்தது. மூடுவதற்கு வேறு பேர் தெருவில் யாரும் கொடுக்கவில்லை. மெர்சி கறுப்புக் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் கழற்றி இன்பராஜிடம் கொடுத்துவிட்டு, நாலு கிழவிகளோடு போய் நின்றாள். ஒருத்திக்குக் கண் தெரியாததால் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தின் ஓரத்தில் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் இவளைப் பார்க்கவில்லை.

பின்னால் பாக்யலட்சுமி வந்திருந்தாள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கண்ணம்மாளும் வந்து, அவளிடமிருந்து ஒரு ஆள் இடம் தள்ளி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் எதிரி, ரெண்டாவது எதிரி என்று டவாலி போட்ட கோர்ட் சேவகர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கிழவிகள் ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள்.

"அஞ்சாவது எதிரி, மெர்சி!"

மெர்சி வாயைத் திறப்பதற்குள் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. கண்ணம்மாள் எழுந்து நின்றிருந்தாள். ஓவர்கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பாக்யலட்சுமி எட்டி அவள் கோட்டு முனையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காருடி கண்ணம்மா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அது எம்பொண்ணு பேரு."